பேஜ்மேக்கரை விட்டு வெளியே வருவது எப்படி? டிடிபி வேலையில் இருப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

அச்சகத்திலோ, கணினியில் பக்கம் வடிவமைத்து அச்சுக்குத் தயாராக்கும் டிடிபி சென்டரிலோ பேஜ்மேக்கர், கோரல்டிரா, போட்டோஷாப் மூன்றையும் வைத்துக்கொண்டு வருடக்கணக்காக வேலை பார்ப்பவர்களிடமிருந்து திரும்பத் திரும்ப வரும் சந்தேகங்கள் இவை. அவர்கள் கேட்ட விதத்திலேயே கேள்விகளை வைத்திருக்கிறோம். வரிசையாகப் படித்தால் நல்லது. பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதை நம்பி நிற்கின்றன.

1. பதினஞ்சு வருஷமா பேஜ்மேக்கர்லதான் வேலை. எல்லாம் நல்லாத்தான் ஓடுது. எதுக்கு மாறணும்?

பக்க வடிவமைப்பு மென்பொருளான பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பான 7.0 வந்தது 2001-இல். அதே அடோபி நிறுவனம் அதே வேலைக்கு 1999-இலேயே இன்டிசைனைக் கொண்டுவந்துவிட்டது. எல்லாக் கணினியிலும் கைபேசியிலும் ஒரே எழுத்தாகத் தெரியும் யூனிகோடு குறியாக்கம் பேஜ்மேக்கருக்குத் தெரியாது. இன்று எழுத்தாளர் கைபேசியில் தட்டி அனுப்பும் மேட்டர், அதாவது அச்சிட வேண்டிய உரை, யூனிகோடில் வருகிறது. அதை பாமினிக்கோ வேறு பழைய எழுத்துருவுக்கோ மாற்றி லே-அவுட் செய்கிறீர்கள். புத்தகம் வந்தபின் பதிப்பாளர் மின்னூல் கேட்டால் மறுபடி யூனிகோடுக்கு மாற்ற வேண்டும். இரண்டு முறை மாற்றினால் பிழையும் இரண்டு முறை நுழையும்.

சம்பளத்தைப் பொறுத்தவரை ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். ஒரு மென்பொருளின் பெயர் தெரியும் என்பதற்காக யாரும் கூட்டித் தருவதில்லை. இப்போது உங்கள் மேசையிலிருந்து எழுந்து இன்னொருவரிடம் போகிற வேலையை நீங்களே முடித்துக் கொடுக்கத் தொடங்கும்போதுதான் பேச்சு மாறுகிறது. அட்டை வடிவமைப்பு, அச்சுத் தகடான பிளேட்டுக்குப் போகும் முன் பிடிஎஃப் சரிபார்ப்பு, மின்னூல், நானூறு அடையாள அட்டை எல்லாம் அந்த வகை. கீழே உள்ள பதில்கள் பெரும்பாலும் அதைச் சுற்றியே இருக்கும்.

2. முதல்ல எதைக் கத்துக்கறது? இன்டிசைனா, இல்லஸ்ட்ரேட்டரா, ஃபிக்மாவா?

உங்கள் கடைக்கு எந்த வேலை அதிகம் வருகிறது என்று பாருங்கள். புத்தகம், மலர், பத்திரிகை, பாடநூல் என்றால் இன்டிசைன். லேபிள், பெட்டி, பை, லோகோ என்றால் இல்லஸ்ட்ரேட்டர். அழைப்பிதழ், விசிட்டிங் கார்டு, பில் புக் மட்டும் என்றால் கோரல்டிராவே போதும். அதன் புதிய பதிப்புக்கு மாறி யூனிகோடில் வேலை செய்யப் பழகுங்கள். ஃபிக்மா செயலிகளுக்கும் இணையதளங்களுக்கும் திரை வடிவமைப்பவர்களுடையது. அச்சகத்தில் இருந்துகொண்டு அதில் தொடங்க வேண்டாம். கேள்வி 12-இல் அதைத் தனியாகப் பார்க்கலாம்.

3. வேலைக்குப் போய்க்கிட்டே கத்துக்க முடியுமா? எத்தனை நாள் ஆகும்?

முடியும். பேஜ்மேக்கர் தெரிந்தவருக்கு இன்டிசைன் முற்றிலும் புதிய இடமாக இருக்காது. தினம் ஒரு மணி நேரம் ஒதுக்கினால் இரண்டு மூன்று வாரத்தில் சாதாரண லே-அவுட் கைக்கு வந்துவிடும். பாராகிராஃப் ஸ்டைல் (பத்திக்கான வடிவ அமைப்பு), மாஸ்டர் பேஜ் (பக்கங்களுக்குப் பொதுவான மாதிரி; புதிய பதிப்புகளில் பேரன்ட் பேஜ்), பொருளடக்கம், பேக்கேஜ் (எழுத்துரு, படங்களோடு ஃபைலைத் திரட்டுவது), பிரீஃப்ளைட் (ஃபைலில் பிழை தேடுவது) எல்லாம் பழகி ஒரு முழுப் புத்தகத்தைத் தனியாக முடிக்க மூன்று மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பேஜ்மேக்கரின் விசைக் குறுக்குவழிகள் விரலில் ஏறியிருக்கும் என்பதால் முதல் பத்து நாள் எரிச்சலாக இருக்கும், அதோடு சரி. இன்டிசைனின் கீபோர்டு ஷார்ட்கட் பட்டியலில் பேஜ்மேக்கர் தொகுப்பும் இருக்கிறது. அதைத் தேர்ந்தெடுக்காதீர்கள், பின்னால் வேறு கடைக்குப் போனால் கை தடுமாறும்.

காலத்தையும் பார்த்துத் தொடங்குங்கள். அழைப்பிதழ் கடை என்றால் ஆடியும் மார்கழியும் கை ஓய்ந்திருக்கும். புத்தகம் செய்பவர்களுக்கு அதே மார்கழிதான் நெருக்கடி, ஏனென்றால் சென்னைப் புத்தகக் காட்சி பொங்கலையொட்டி வருகிறது. அவர்கள் பொங்கல் கழிந்து தொடங்குவது உசிதம்.

பயிற்சிக்குக் கற்பனையான வேலை வேண்டாம். ஏற்கெனவே நீங்கள் பேஜ்மேக்கரில் முடித்த ஒரு 96 பக்கப் புத்தகத்தை எடுத்து, அச்சான பிரதியை அருகில் வைத்துக்கொண்டு, இன்டிசைனில் அப்படியே மறுபடி செய்யுங்கள். எங்கே திணறுகிறீர்களோ அதுதான் கற்க வேண்டிய பாடம்.

4. கோர்ஸ்ல சேரணுமா? சர்டிஃபிகேட் இல்லாம மதிப்பாங்களா?

அச்சகத்திலும் பதிப்பகத்திலும் சான்றிதழைக் கேட்பவர்கள் குறைவு. ஒரு ஃபைலைக் கொடுத்து உட்காரவைத்துப் பார்ப்பார்கள். பெரிய நிறுவனத்துக்கோ வெளிநாட்டு வேலைக்கோ விண்ணப்பிப்பவருக்குச் சான்றிதழ் உதவும். பயிற்சி மையத்தில் சேர்வதானால் பணம் கட்டும் முன் இரண்டு கேள்வி கேளுங்கள். தமிழ் யூனிகோடு எழுத்துருவில் சொல்லித் தருகிறீர்களா? பாட முடிவில் ஒரு ஃபைலை பிளேட் வரை கொண்டுபோய்க் காட்டுவீர்களா? இரண்டுக்கும் தெளிவான பதில் வராவிட்டால் இணையத்தில் கிடைக்கும் இலவசக் காணொளிகளே போதும்.

5. மாசாமாசம் பணம் கட்டச் சொல்றான். கட்டாம பண்ண வழி இருக்கா?

2013-இல் கிரியேட்டிவ் கிளவுட் (சிசி) பதிப்புகள் வந்ததிலிருந்து அடோபி சந்தா முறைக்குப் போய்விட்டது. ஏழு நாள் இலவசமாகப் பார்க்கலாம். அந்த ஏழு நாளைச் சும்மா கிளறிப் பார்க்க வீணாக்காமல், முதலில் காணொளிகள் பார்த்துக் குறிப்பு எடுத்துவிட்டுப் பிறகு நிறுவுங்கள். அதன்பின் மூன்று மாதச் சந்தாவைக் கற்கும் செலவாக நினைத்துக்கொள்ளுங்கள். முழுத் தொகுப்பு தேவையில்லை, இன்டிசைனை மட்டும் தனியாக வாங்கலாம்.

முற்றிலும் இலவசம் வேண்டுமென்றால் பக்க வடிவமைப்புக்கு ஸ்கிரைபஸ், வரைகலைக்கு இங்க்ஸ்கேப், படத்துக்கு கிம்ப். ஸ்டைல், மாஸ்டர் பேஜ், பிளீட் (வெட்டும் ஓரத்துக்கு வெளியே நீட்டி வைக்கும் பகுதி) போன்ற கருத்துகளை ஸ்கிரைபஸில் கற்றவர் இன்டிசைனில் உட்கார்ந்தால் பாதி வேலை தெரிந்தவராக இருப்பார். உரிமம் இல்லாமல் பூட்டை உடைத்த மென்பொருள் பிரதியை மட்டும் வேலைக்கு எடுத்துச் செல்லாதீர்கள். வாடிக்கையாளரின் ஃபைல் இருக்கும் கணினியில் எதையோ நிறுவி வைரஸ் ஏறினால் அந்தப் பழி உங்கள் பெயரில்தான் விழும்.

6. இன்டிசைன்ல தமிழ் உடைஞ்சு வருதே, கொம்பு எழுத்துக்குப் பின்னாடி போய் நிக்குது?

புதிதாக வருபவர்களில் பாதிப் பேர் இந்த இடத்தில்தான் பழையபடி பேஜ்மேக்கருக்குத் திரும்பிப் போகிறார்கள். எழுத்துருவில் குறையில்லை. இன்டிசைன் தொடக்கத்தில் ஆங்கிலத்துக்கான கம்போஸரில் (எழுத்துகளை வரியில் அடுக்கும் பகுதி) இருக்கும். அதற்கு ஒற்றைக்கொம்பை எழுத்துக்கு முன்னால் நகர்த்தத் தெரியாது. பாராகிராஃப் பேனலின் வலது மேல் மூலையிலுள்ள மெனுவைத் திறந்து 'அடோபி வேர்ல்டு-ரெடி பாராகிராஃப் கம்போஸர்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். கொம்பு தன் இடத்துக்குப் போய்விடும். இந்திய மொழிகளுக்கான இந்த ஆதரவு 2012-இல் வந்த சிஎஸ்6 பதிப்பில் சேர்ந்தது. அதற்கு முந்தைய பதிப்பை வைத்துக்கொண்டு போராட வேண்டாம்.

ஒவ்வொரு பத்தியிலும் மாற்றிக்கொண்டிருக்காமல் பாராகிராஃப் ஸ்டைலின் ஜஸ்டிஃபிகேஷன் பகுதியிலேயே இந்தக் கம்போஸரை வைத்துவிடுங்கள். போட்டோஷாப்பின் பழைய பதிப்புகளிலும் இல்லஸ்ட்ரேட்டரிலும் பிரிஃபரன்சஸில் டைப் பகுதிக்குப் போய் இந்திய, தெற்காசிய மொழிகளுக்கான தேர்வை இயக்க வேண்டும். எழுத்துருவுக்கு நோட்டோ செரிஃப் தமிழ், முக்தா மலர், ஹிந்த் மதுரை, கேட்டமரன் ஆகியவை கூகுள் ஃபான்ட்ஸில் இலவசமாகக் கிடைக்கின்றன. வணிக வேலைக்கும் பயன்படுத்தலாம்.

7. எனக்குப் பழைய டைப்ரைட்டர் கீபோர்டுதான் தெரியும். யூனிகோடுன்னா தமிழ்99 புதுசா படிக்கணுமா?

தேவையில்லை. என்எச்எம் ரைட்டர் போன்ற கருவிகள் பழைய தட்டச்சு, பாமினி, தமிழ்99 எல்லா விசைப்பலகையிலும் யூனிகோடு எழுத்தைத் தருகின்றன. நீங்கள் வழக்கம்போல் கொம்பை முதலில் தட்டலாம். கருவி வரிசையைச் சரிசெய்துகொள்ளும். விரல் வேகத்தை இழக்காமல் மாறலாம்.

8. பாமினியில இருக்கிற பழைய மேட்டரை கன்வெர்ட் பண்ணினா ஏன் இவ்வளவு பிழை வருது?

மாற்றிக் கருவி பொய் சொல்வதில்லை. பழைய எழுத்துருவில் கண்ணுக்குச் சரியாகத் தெரிந்தால் போதும் என்று தட்டியதெல்லாம் யூனிகோடில் அம்பலமாகிவிடுகிறது. மூன்று இடத்தில் கவனம் வையுங்கள். ஒன்று, காலும் (ா) 'ர'வும். பார்வைக்கு ஒன்றுபோல் இருப்பதால் ஒன்றுக்குப் பதில் மற்றொன்றைத் தட்டியிருப்பார்கள். 'ர' இருக்க வேண்டிய இடத்தில் கால் விழுந்தால், சொல்லின் முதலில் ஒரு புள்ளி வட்டத்துடன் நிற்கும். அதைப் பிடிப்பது சுலபம். கால் இருக்க வேண்டிய இடத்தில் 'ர' விழுந்தால் வட்டம் வராது, சில எழுத்துருக்களில் வேறுபாடே தெரியாது. தேடினால் மட்டும் சொல் கிடைக்காது.

இரண்டு, 'கௌரவம்' என்பது 'கெளரவம்' என்று ஒற்றைக்கொம்பும் 'ள'வுமாக இருக்கும். ஃபைண்ட்-சேஞ்சில் கொம்பையும் 'ள'வையும் கொடுத்து 'சேஞ்ச் ஆல்' அழுத்திவிடாதீர்கள். வெளி, வெள்ளம், தெளிவு போன்ற எல்லாச் சொற்களும் சிதைந்துவிடும். ஒவ்வொன்றாகப் பார்த்து 'சேஞ்ச்' மட்டும் அழுத்துங்கள். 200 பக்கத்துக்கு அரை மணி நேரம் ஆகலாம், அவ்வளவுதான். மூன்று, நடுவே இருந்த ஆங்கிலச் சொற்கள். அவையும் தமிழ் என்று நினைத்துக் கருவி மாற்றிவிடும். மாற்றுவதற்கு முன் அவற்றைப் பட்டியலிட்டு வைத்துக்கொண்டால் பிறகு திருத்துவது எளிது. அழுத்த எழுத்தும் சாய்வெழுத்தும் போய்விடும் என்பதால் பழைய அச்சுப் பிரதி ஒன்று கையில் இருந்தே ஆக வேண்டும்.

9. அப்ப பழைய பேஜ்மேக்கர் ஃபைல் ஐநூறு இருக்கே, எல்லாத்தையும் மாத்தணுமா?

வேண்டாம். அப்படியே மறுபதிப்பு போடுவதற்கு பழைய கணினியில் திறந்து, அச்சுக்கான பிடிஎஃப் எடுத்துச் சேமித்து வையுங்கள். திருத்திய பதிப்போ மின்னூலோ வரும்போது மட்டும் அந்த ஒரு நூலை மாற்றுங்கள். பேஜ்மேக்கர் 6.0 முதலான ஃபைல்களை இன்டிசைன் சிஎஸ்6 வரைதான் திறக்கும். சிசி பதிப்புகள் திறக்காது. திறந்தாலும் மேட்டர் பழைய குறியாக்கத்திலேயே இருக்கும், கேள்வி 8-இல் சொன்ன வேலை பாக்கி. இன்னொன்று: பழைய எழுத்துருக்களில் டைப் 1 (அடோபியின் பழைய எழுத்துரு வகை) இருந்தால் 2023 ஜனவரியிலிருந்து அடோபியின் புதிய பதிப்புகள் அவற்றைக் காட்டுவதில்லை. அந்தப் பழைய கணினி இன்னும் உயிரோடு இருக்கும்போதே பிடிஎஃப் எடுத்துவிடுங்கள்.

10. ஜஸ்டிஃபை பண்ணினா வார்த்தைக்கு நடுவுல ஓட்டை ஓட்டையா தெரியுது. என்ன பண்றது?

தமிழ்ச் சொல் நீளம். 'செயல்பட்டுக்கொண்டிருந்தார்கள்' ஒரு வரியின் கடைசியில் இடம் கிடைக்காமல் கீழே இறங்கினால் மேல் வரி பல்லிளிக்கும். சொல்லை உடைக்க என்டரோ ஷிஃப்ட்-என்டரோ அடிக்கும் பழக்கத்தை விடுங்கள். பிழை திருத்தத்தில் இரண்டு சொல் கூடினாலும் அந்த உடைப்பு வரி நடுவே வந்து நிற்கும். கர்சரை 'செயல்பட்டுக்' என்பதற்கும் 'கொண்டிருந்தார்கள்' என்பதற்கும் இடையில் வைத்து, டைப் மெனுவில் 'இன்சர்ட் பிரேக் கேரக்டர்' போய் 'டிஸ்கிரெஷனரி லைன் பிரேக்' கொடுங்கள். தேவையென்றால் அந்த இடத்தில் உடையும், ஹைஃபன் வராது; தேவையில்லாதபோது இருப்பதே தெரியாது. புதிய வரி புள்ளி வைத்த எழுத்தில் தொடங்காதபடி மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஜஸ்டிஃபிகேஷன் பெட்டியில் சொல்லிடைவெளி 80, 100, 133 (குறைந்தது, விரும்புவது, அதிகபட்சம்; சதவீதத்தில்) என்று இருக்கும். அதைத் தொட்டுப் பார்க்கும் முன் கிளிஃப் ஸ்கேலிங்கை (எழுத்தின் அகலத்தை) 98, 100, 102 ஆக்குங்கள். கண்ணுக்குத் தெரியாமல் பாதி ஓட்டை அடைபடும். எழுத்திடைவெளி 0 ஆகவே இருக்கட்டும், கொம்பும் காலும் தம் எழுத்தைவிட்டு விலகினால் வாசிப்பவர் தடுமாறுவார். வரியிடைவெளியைத் தானாக விட்டால் எழுத்தளவில் 120 சதவீதம் எடுக்கும். 11 பாயிண்ட் எழுத்துக்கு 13.2. தமிழுக்கு அது நெருக்கம், 15 கொடுத்துப் பாருங்கள்.

11. கத்துக்கிட்டேன். முதலாளிகிட்ட சம்பளம் எப்படிக் கேக்கறது?

வாயால் கேட்பதற்கு முன் ஒரு வேலையில் காட்டுங்கள். அடையாள அட்டை நல்ல இடம். நானூறு மாணவர்களுக்குப் பெயர், வகுப்பு, படம் ஒவ்வொன்றாக ஒட்டினால் அட்டைக்கு இரண்டு நிமிடம் என்றாலும் 13 மணி நேரத்துக்கு மேல். இன்டிசைனின் டேட்டா மெர்ஜில் ஒரே அட்டையை வடிவமைத்து எக்செல் பட்டியலைச் சேர்த்தால் மீதியை அது நிரப்பும். இரண்டு இடத்தில் எல்லோரும் சறுக்குவார்கள். எக்செல்லில் சாதாரண சிஎஸ்வியாகச் சேமித்தால் தமிழ்ப் பெயர்கள் கேள்விக்குறியாகும். 'யூனிகோடு டெக்ஸ்ட்' என்று சேமியுங்கள். படத்துக்கான நெடுவரிசையின் தலைப்பு @ குறியில் தொடங்க வேண்டும். எக்செல் அதை ஏற்காமல் முரண்டு பிடித்தால் அதற்கு முன் ஒற்றை மேற்கோள் குறி போடுங்கள்.

இப்படி நான்கு வாரம் ஒரு நோட்டில் எழுதிவாருங்கள்: எந்த வேலை, முன்பு எத்தனை மணி, இப்போது எத்தனை மணி, வெளியே கொடுத்திருந்தால் எவ்வளவு. அந்தப் பக்கத்தைக் காட்டிப் பேசினால் பேரம் நியாயமாக நடக்கும். அதன்பிறகும் காசு கூடாவிட்டால் அந்த நோட்டு அடுத்த கடையின் நேர்முகத்துக்கு உதவும்.

12. ஐடி கம்பெனியில யுஐ டிசைனர்னு போயிடலாமா? ஃபிக்மா மட்டும் போதுமா?

ஃபிக்மாவின் கருவிகளை ஒரு மாதத்தில் பழகிவிடலாம், இலவசத் திட்டமே கற்பதற்குப் போதும். கடினமானது வேறு. பயன்படுத்துபவர் எந்தப் பொத்தானை ஏன் அழுத்துவார், பிழைச் செய்தி எங்கே வரும், சின்னத் திரையில் எது மறையும் என்று யோசிக்கும் பழக்கம் அச்சு வேலையிலிருந்து தானாக வராது. அதற்கு ஓராண்டு உழைக்கத் தயாரென்றால் போங்கள். உங்களுக்கு ஒரு பலம் உண்டு: தமிழ்ச் சொல் ஆங்கிலத்தைவிட நீளும், ஆங்கிலத்துக்கு அளவெடுத்த பொத்தானில் அடங்காது என்பது உங்களுக்குப் பார்த்ததும் தெரியும். தமிழில் வரும் செயலிகளில் இந்தக் கண் அரிது.

13. பிரஸ்ல இருந்து ஃபைல் திரும்பி வந்துடுச்சு. 'பிளாக் நாலு கலர்ல இருக்கு'ன்னாங்க. அப்படின்னா?

வேர்டிலிருந்தோ இணையத்திலிருந்தோ வந்த மேட்டரின் கறுப்பு ஆர்ஜிபி கறுப்பு, அதாவது திரைக்கான சிவப்பு-பச்சை-நீலக் கணக்கில் அமைந்தது. அது அச்சுக்கு மாறும்போது சயான் 75, மெஜந்தா 68, மஞ்சள் 67, கறுப்பு 90 என்பது போல நான்கு பிளேட்டிலும் விழும். தாள் ஒரு நூலிழை நகர்ந்தாலும் 10 பாயிண்ட் எழுத்தைச் சுற்றி வண்ண நிழல் தெரியும், புள்ளி வைத்த எழுத்தில் புள்ளியே அடைந்துபோகும். மேட்டர் எப்போதும் கறுப்பு 100 மட்டும்.

கண்டுபிடிக்க ஒரு நிமிடம் போதும். விண்டோ மெனுவில் அவுட்புட், அதில் செபரேஷன்ஸ் பிரிவ்யூ. கறுப்பின் கண் குறியை அணையுங்கள். மேட்டர் முழுவதும் மறைந்தால் சரி; எங்காவது பழுப்பாக எழுத்து நின்றால் அதுதான் குற்றவாளி. அப்படியே லிங்க்ஸ் பேனலில் எஃபெக்டிவ் பிபிஐ (ஓர் அங்குலத்தில் எத்தனை பிக்சல்) பாருங்கள். வாட்ஸ்அப்பில் சுருங்கி வந்த 1600 பிக்சல் படம் 5.5 அங்குல அகலத்தில் 291 காட்டும், பரவாயில்லை. 8.5 அங்குலத்துக்கு இழுத்தால் 188-க்கு இறங்கி மங்கும். பிளீட் 3 மில்லிமீட்டர். அச்சுக்கான பிடிஎஃப் வகைகளில் எக்ஸ்-1ஏ வேண்டுமா எக்ஸ்-4 வேண்டுமா என்று அச்சகத்தைக் கேட்டுவிட்டே எடுங்கள். இந்த ஐந்து நிமிடச் சோதனையைச் செய்கிறவருக்குப் பெயர் பிரீ-பிரஸ் ஆள். பல கடைகளில் அந்த நாற்காலி காலியாகவே கிடக்கிறது.

14. கேன்வா, ஏஐ எல்லாம் வந்தாச்சு. இனிமே கத்து என்ன பிரயோஜனம்?

பிறந்தநாள் போஸ்டரும் வாட்ஸ்அப் வாழ்த்தும் கையைவிட்டுப் போய்விட்டன, உண்மை. ஆனால் கேன்வாவில் செய்ததை அச்சுக்குக் கொண்டுவருபவர்களிடம் பிளீட் இருக்காது, கறுப்பு கேள்வி 13-இல் சொன்னபடி இருக்கும். சிஎம்ஒய்கே (நான்கு அச்சு வண்ண) பிடிஎஃப் கேன்வாவின் கட்டணத் திட்டத்தில்தான் கிடைக்கும். அப்படி வரும் ஃபைலை வாங்கிச் சரிசெய்து தருவதே தனி வேலையாகிவருகிறது. ஏஐ தந்த படத்தில் தமிழ் இருந்தால் எழுத்தெழுத்தாகப் பாருங்கள், இல்லாத எழுத்துகளை அது வரைந்துவைத்திருக்கலாம். படத்தை மட்டும் எடுத்துக்கொண்டு எழுத்தை நீங்கள் போடுங்கள்.

15. பதிப்பகங்களுக்கு வெளியில இருந்து தனியா செஞ்சு தரலாமா? ரேட் எப்படிச் சொல்றது?

தரலாம். ஆடி, ஆவணியிலேயே போய் ஒரு சிறு நூலைக் கேட்டு வாங்குங்கள். கார்த்திகையில் போனால் புது ஆளைச் சோதிக்க அவர்களுக்கு நேரம் இருக்காது. மாதிரியாகக் காட்ட மூன்று பொருள் போதும்: ஒரு கவிதைப் பக்கம், அடிக்குறிப்பும் அட்டவணையும் உள்ள ஒரு கட்டுரைப் பக்கம், முதுகோடு சேர்ந்த ஓர் அட்டை.

ஃபாரம் (ஒரே தாளில் சேர்த்து அச்சாகும் பக்கத் தொகுதி) கணக்கு தெரிந்தவர் என்று காட்டுங்கள். 16 பக்கம் ஒரு ஃபாரம் என்றால் 240 பக்கம் 15 ஃபாரம். மேட்டர் 246-இல் முடிந்தால் வரியிடைவெளியைக் கால் பாயிண்ட் குறைத்து 240-க்குள் கொண்டுவர முடியுமா என்று பார்த்துச் சொல்லுங்கள். பாராகிராஃப் ஸ்டைலில் ஒரு எண்ணை மாற்றினால் நூல் முழுக்க மாறும், காகிதச் செலவு மிஞ்சும். முதுகுக்கு 240 பக்கம் என்றால் 120 தாள். அச்சகத்திடமிருந்து அதே காகிதத்தில் 120 தாள் வாங்கி அழுத்தி அளந்துகொள்ளுங்கள். தாளுக்கு 0.1 மில்லிமீட்டர் என்றால் முதுகு 12 மில்லிமீட்டர். குத்துமதிப்பாகப் போட்டால் முதுகில் இருக்க வேண்டிய தலைப்பு முன்னட்டைக்கு நழுவும்.

ரேட்டைப் பக்கத்துக்கு இவ்வளவு என்று சொல்லுங்கள், அட்டைக்குத் தனி. அதில் இரண்டு முறை மெய்ப்புத் திருத்தம் அடக்கம், மூன்றாம் முறையிலிருந்து மணிக்கணக்கு. யூனிகோடு மாற்றமும் மின்னூலும் தனி வரி. திருத்தக்கூடிய திறந்த ஃபைலைத் தருவீர்களா, பிடிஎஃப் மட்டுமா என்பதையும் முதலிலேயே எழுத்தில் அனுப்பி 'சரி' என்ற பதிலை வாங்கிக்கொண்டு வேலையைத் தொடங்குங்கள்.